பக்கத்து சர்வருக்குக் கேட்கக் கூடாது

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு டேட்டா சென்டருக்குள் நான் போனது நள்ளிரவுக்குப் பிறகு. வாடிக்கையாளர்களின் போக்குவரத்து அடங்கும் அந்த நேரத்தில்தான் அங்கே சுவிட்ச்சில் கை வைப்பார்கள். ராக்குகளுக்கு நடுவே குளிர்காற்று பாய்கிறது; ஆயிரக்கணக்கான சிறு விசிறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். மூன்று பேர் வேலையில் இருந்தார்கள். வடிவமைப்பைப் போட்ட நெட்வொர்க் இன்ஜினியர் ஒரு பெண்மணி. மற்ற இருவரும் பாலிடெக்னிக் முடித்து ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் இளைஞர்கள். அவரை "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அன்றைய வேலை, தனித்தனியாகக் கிடந்த குட்டி சப்நெட்களை ஒன்றாக்குவது. ஒரே ஒரு சர்வர் வைத்திருக்கும் சிறு வாடிக்கையாளர்களுக்கு அதுவரை ஆளுக்கொரு வீலான் (சுவிட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்), ஆளுக்கொரு சப்நெட் என்று கொடுத்து வந்தார்கள். ஒரு சப்நெட்டில் நான்கு முகவரிகள். முதலாவது அந்த சப்நெட்டையே குறிப்பது, கடைசி பிராட்காஸ்ட், நடுவில் ஒன்று கேட்வே, மிஞ்சும் ஒன்றுதான் சர்வருக்கு. "நாலு குடுத்தா மூணு வீண் சார்" என்றார் அந்த இன்ஜினியர். 256 முகவரிகள் கொண்ட தொகுப்பை இப்படி நறுக்கினால் 64 வாடிக்கையாளர்களோடு தீர்ந்துவிடும். நறுக்காமல் முழுசாக வைத்தால் அந்த மூன்று இழப்பு ஒரே முறைதான். 253 பேருக்குக் கொடுக்கலாம்.

ஐபிவி4 முகவரிக்கு இன்று அவ்வளவு பஞ்சம். ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கான ஏப்நிக் அமைப்பு 2011 ஏப்ரலிலேயே தன் கடைசிப் பெருந்தொகுப்புக்கு வந்துவிட்டது. புதிதாகச் சேரும் உறுப்பினருக்கு 2019 முதல் அது தருவது அதிகபட்சம் 512 முகவரிகள்.

அப்படியென்றால் எல்லோரையும் ஒரே வீலானில் போட்டுவிட்டால் என்ன? போடலாம், ஆனால் அங்கே ஏஆர்பி இருக்கிறது. ஒரு ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரி எது என்று விசாரிக்கும் அந்த நெறிமுறை 1982இல் எழுதப்பட்டது. யார் பதில் சொன்னாலும் அப்படியே நம்பிவிடும். கெட்டுப்போன ஒரு சர்வர் "நான்தான் கேட்வே" என்று அறிவித்தால், அக்கம்பக்கத்து சர்வர்களின் போக்குவரத்தெல்லாம் அதன் வழியாகப் போகத் தொடங்கும். ஒருவரையொருவர் அறியாத வாடிக்கையாளர்களை அப்படி ஒரே கூடத்தில் விட முடியாது.

இதற்கு வந்த தீர்வுதான் பிரைவேட் வீலான். சிஸ்கோ உருவாக்கிய அந்த முறை 2010இல் ஆர்எஃப்சி 5517 என்ற ஆவணமாகப் பதிவானது. அதற்கு முன்பே, 2001இல், சூப்பர் வீலானுக்குக் கீழே பல துணை வீலான்களை வைத்து ஒரே சப்நெட்டைப் பகிரும் முறையை ஆர்எஃப்சி 3069 விவரித்திருந்தது. நம் ஊர் ஒண்டுக்குடித்தன வீடுகளைப் போல, தெருவுக்குப் பொதுவாசல் ஒன்று, கதவிலக்கம் ஒன்று, உள்ளே தனித்தனிக் குடித்தனங்கள். பிரைவேட் வீலானில் முதன்மை வீலான் ஒன்று, அதன் கீழே துணை வீலான்கள். ஐசோலேட்டட் போர்ட்டில் இருக்கும் சர்வர் கேட்வேயோடு மட்டும் பேசும். ஒரே வாடிக்கையாளரின் நாலைந்து சர்வர்களை ஒரு கம்யூனிட்டியாகச் சேர்த்தால் அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும். கேட்வே இருக்கும் பிராமிஸ்கியுவஸ் போர்ட் எல்லாரோடும் பேசும். இதில் என்னை மலைக்க வைத்தது போக்கும் வரவும் வேறு வேறு வீலானில் நடப்பதுதான். சர்வர் அனுப்புவது துணை வீலானில் போகிறது. கேட்வேயின் பதில் முதன்மை வீலானில் திரும்புகிறது. அதனால் ஐசோலேட்டட் வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் வந்தாலும் அத்தனைக்கும் இரண்டே வீலான் எண்கள் போதும்.

காகிதத்தில் இவ்வளவுதான். ராக்கின் பின்னால் போனால் வேலை வேறு. ஓர் இளைஞர் கேபிளில் ஒட்டிய லேபிளைப் படித்துச் சொல்ல, மற்றவர் அந்த போர்ட்டில் எந்த மேக் முகவரி தெரிகிறது என்று லேப்டாப்பில் பார்த்து, இரண்டும் பொருந்தினால் மட்டுமே தாளில் குறி போட்டார். பொருந்தாத கேபிளை நுனிவரை விரலால் தடவிக்கொண்டே போய்க் கண்டுபிடித்தார்கள். சர்வர்களின் ஐபி மாறவில்லை. மாஸ்க்கும் கேட்வேயும்தான் மாறின. ஆனாலும் ஒரு போர்ட்டை வேறொருவரின் கம்யூனிட்டியில் தவறிப் போட்டால் இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே சுவர் இல்லாமல் போய்விடும். அந்தத் தாளைத்தான் நான் அந்த டேட்டா சென்டரின் உண்மையான வரைபடம் என்பேன். அதை எழுதியவர்களின் பெயர் எந்த வடிவமைப்பு ஆவணத்திலும் வருவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

போர்ட்கள் முடிந்ததும் இரண்டு ஐசோலேட்டட் போர்ட்களில் இரண்டு லேப்டாப்களைச் செருகினார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு பிங் போகவில்லை. "அக்கா, பிங் போகல. முடிஞ்சிருச்சு" என்றார் இளையவர்.

"இருப்பா, இன்னும் ஒண்ணு பாத்துரலாம்."

இன்ஜினியர் முதல் லேப்டாப்பில், பக்கத்து லேப்டாப்பின் ஐபிக்கு கேட்வேயின் மேக் முகவரியைக் கையால் பதிந்தார். மீண்டும் பிங் கொடுத்தார். இரண்டாவது லேப்டாப்பின் வயர்ஷார்க் திரையில் அந்த பாக்கெட் வந்து விழுந்தது! சுவிட்ச் சொன்னதைச் செய்திருந்தது: நேராகப் போவதைத் தடுத்துவிட்டது. ஆனால் கேட்வே என்பது ரவுட்டர்; தன்னிடம் வந்த பாக்கெட்டின் ஐபியைப் பார்த்து, வந்த வழியிலேயே பக்கத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. பிரைவேட் வீலான் போட்டுவிட்டோம், பிரித்தாகிவிட்டது என்று நினைப்பவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இதுதான்.

கேட்வேயில் அவர் வரிகளைச் சேர்த்தார். இந்த சப்நெட்டிலிருந்து கேட்வேயின் சொந்த முகவரிக்குப் போவதை விடு; இதே சப்நெட்டுக்குள் போகும் மற்றதை மறி; அதன் பிறகு எல்லாவற்றையும் விடு. வரிசை முக்கியம். முதல் வரி இல்லாவிட்டால், கேட்வேயை பிங் செய்து பார்க்கும் வாடிக்கையாளர்கள் விடிந்ததும் ஃபோன் அடிப்பார்கள். இரண்டு வாடிக்கையாளர்கள் விரும்பியே பேசிக்கொள்ள வேண்டுமென்றால் கேட்வேயில் லோக்கல் பிராக்ஸி ஏஆர்பியைப் போட்டு, அவர்களுக்கு மட்டும் மறிக்கும் வரிக்கு மேலே ஒரு வரி எழுதலாம் என்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு அதே சோதனையை அவர்கள் இருவரையும் செய்யச் சொன்னார். இந்த முறை வயர்ஷார்க்கில் எதுவும் வரவில்லை. அதையும் தாளில் எழுதி, தேதி போட்டார்கள்.

இப்படி ஓர் இடத்தில் உங்கள் சர்வரை வைத்திருந்தால், சேவை தருபவரிடம் தயங்காமல் கேளுங்கள்: என் சப்நெட்டை வேறு யாரோடு பகிர்கிறீர்கள், கேட்வேயில் அந்த மறிக்கும் வரி இருக்கிறதா, அதைக் கடைசியாகச் சோதித்தது எப்போது?