ரூஜ் ஆற்றில் ஒரு காலைப்பொழுது

கனடாவின் ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பாகமாக அமைந்த ஸ்காபரோப் பகுதியில் நம்மவர் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். அங்குள்ள என் தமக்கையார் இல்லத்திற்குச் சென்ற ஆண்டு ஒக்டோபர் முதல் வாரத்திற் போயிருந்தேன். தமக்கையாருக்கு ஒரே கவலை. “தம்பி, இவனுக்கு ஊர் என்ற எண்ணமே இல்லை. நீயாவது எடுத்துச் சொல்லு” என்று தம் மகனை என்னிடம் ஒப்படைத்தார். பதினேழு வயதுப் பிள்ளை. நானும் அறிவுரை கூற ஆயத்தமானேன்.

அவனோ, “மாமா, நாளைக் காலை ஆற்றுக்குப் போவோமா?” என்றான்.

ரூஜ் ஆறு ரொறன்ரோவின் கிழக்கெல்லையில் ஒன்ராறியோ ஏரியுடன் கலக்கிறது. ‘ரூஜ்’ என்றால் பிரெஞ்சு மொழியிற் சிவப்பு. ஆற்றைச் சூழ்ந்த தேசியப் பூங்கா ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. முகத்துவாரத்திற் புகைவண்டிப் பாலம்; அண்மையிலே வீடுகள்; நடுவே சம்புப் புல் மண்டிய சதுப்புநிலம்.

மிதவைச் சட்டை அணிந்து, ஆளுக்கொரு ‘கயாக்’கில் அமர்ந்தோம். வடதுருவத்து இனுவிற் மக்கள் தோலாற் செய்து வேட்டைக்குப் பயன்படுத்திய ஓடம் அது. இன்று பிளாஸ்ரிக்கில் வார்க்கிறார்கள். கால்களை நீட்டியிருந்து, இருமுனைத் துடுப்பை வலமும் இடமுமாக வலிக்கவேண்டும். நம்மூர் வள்ளத்தில் மரக்கோல் ஊன்றிப் பழகிய எனக்கு முதலிற் தடுமாற்றமே. ஆயினும் நீர் சலனமற்றிருந்தது. சிறிது நேரத்திற் கை பழகிற்று.

கரையிலே மேப்பிள் மரங்கள் செம்மையும் மஞ்சளுமாய் நின்றன. சாம்பல்நிறப் பெருநாரை ஒன்று எங்களைப் பொருட்படுத்தாது நீரை நோக்கியிருந்தது. மீன்கொத்தி கிலுகிலுத்துப் பறந்தது. விழுந்த மரமொன்றில் ஆமைகள் வரிசையாக வெயில் காய்ந்தன. பனிக்காலம் முழுவதையும் அவை நீரடியிற் கழிக்குமாம்.

திடீரென என் ஓடத்தருகே நீர் வெடித்தாற்போல் எழுந்தது. கைநீளத்திற்கு மேற்பட்ட மீனொன்று. வால் கிழிந்து வெளிறியிருந்தது.

“சினூக் சமன், மாமா. மேலே பரற்கற்களிடையே முட்டையிட்டபின் இறந்துவிடும்.”

மேலும் அவன் சொன்னான். இந்த ஏரியின் பூர்வீக மீனாகிய அத்திலாந்திக் சமன், அணைகளாலும் காடழிப்பாலும் மிகையான மீன்பிடியாலும் 1900க்கு முன்பே அற்றுப்போயிற்று. சினூக் பசிபிக் கரைக்குரியது. 1960களின் கடைசியிலிருந்து ஏரியிற் கொண்டுவந்து விடப்பட்டது. இன்று பல இங்குள்ள ஆறுகளிலேயே பிறக்கின்றன.

“முன்னோரின் ஆறு எங்கேயோ இருக்கிறது, மாமா. ஆனால் இவை மணம் பிடித்துத் தேடிவருவது தாம் பிறந்த ஆற்றைத்தான்.”

அவன் மீனைப்பற்றியே பேசினான். எனக்குத்தான் துடுப்பு ஓடவில்லை. ஆயத்தஞ் செய்த அறிவுரை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

திரும்பும் வழியில் அவனே கேட்டான்: “உங்கள் ஊர் ஆற்றில் இந்த மாதம் என்ன வரும், மாமா?”

தொண்டைமானாற்றைப்பற்றிச் சொன்னேன். ஆறெனப் பெயர் பெற்றாலும் அது கடல்நீரேரி என்பதையும், மாரி தொடங்க வடதிசையிலிருந்து தாராக்களும் உள்ளான்களும் கூட்டங்கூட்டமாய் வந்திறங்குவதையும் சொன்னேன். கரை சேரும்வரை கேள்வி ஓயவில்லை.

“ஊரைப்பற்றிச் சொன்னாயா?” என்றார் தமக்கையார், தேநீரை நீட்டியபடி.

“அவன் கேட்டான், அக்கா; சொன்னேன்” என்றேன். தனக்கென்று ஓர் ஆறு இருந்தமையாலேதான் மாமனின் ஆற்றையும் அறிய அவனுக்கு ஆவல் பிறந்தது போலும்.