முத்தாற்றங்கரையில் சில தொட்டில்கள்

தென் சீனத்தின் குவாங்சௌ நகரை அக்காலத்து வணிகர்கள் காண்டன் என்று அழைத்தனர். நகரை ஒட்டி ஓடும் ஆற்றுக்கு முத்தாறு என்று பெயர். அதன் கரையில், ஒரு சிறு வாய்க்கால் நகரத்தினின்று பிரித்து நிற்க, ஷாமியன் என்னும் தீவு இருக்கிறது. அபினி யுத்த காலத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பங்கிட்டுக்கொண்ட மணல்திட்டு அது. அவர்கள் எழுப்பிய மாளிகைகள் இன்றும் ஆலமர நிழலில் அமைதியாக நிற்கின்றன.

2004-ஆம் ஆண்டு இலையுதிர்காலப் பொருட்காட்சியைக் காண மாதுங்காவிலிருந்து நாங்கள் தம்பதியராய்ச் சென்றிருந்தோம். 1957 முதல் நடந்துவரும் அச்சந்தையைப் பற்றி நம் வணிக அன்பர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எங்கள் மனத்தை ஈர்த்ததோ, மாலையில் ஷாமியன் தெருக்களில் கண்ட காட்சி. எங்கு நோக்கினும் வெள்ளைக்காரத் தம்பதியர். அவர்கள் தள்ளிச் செல்லும் வண்டிகளிலெல்லாம் சீனக் குழந்தைகள்! நடக்கக் கற்ற குழந்தைகளின் காலில், அடி வைக்குந்தோறும் கீச்சிடும் செருப்பு. கடைக்காரர்கள் அவ்வண்டிகளை வாடகையின்றி இரவல் கொடுத்து, வண்டியைத் திருப்ப வருகையில் பட்டுச் சட்டையும் பெயர் பொறித்த முத்திரையும் விற்றுவந்தார்கள். வியாபார நுணுக்கம் என்றால் இதுவன்றோ!

1992-இல் நடைமுறைக்கு வந்த சீன அரசின் சட்டத்தின்படி அயல்நாட்டார் அங்குள்ள அநாதை இல்லக் குழந்தைகளைத் தத்தெடுக்கலாயினர். ஒரு குடும்பத்துக்கு ஒரு மகவு என்ற விதியும், அந்த ஒன்று ஆணாக இருக்கவேண்டும் என்ற ஆசையும் சேர்ந்து, கைவிடப்பட்டோரில் பெரும்பாலோரைப் பெண் குழந்தைகளாக ஆக்கிவிட்டிருந்தன. (அதே 1992-இல்தான் நம் தமிழகத்திலும் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிற்று என்பதை நினைத்தபோது, சீனரைக் குறை கூற எங்களுக்கு நா எழவில்லை.) அமெரிக்காவில் குடியேறும் அனுமதி குவாங்சௌ தூதரகத்தில் மட்டுமே வழங்கப்பட்டதால், எம்மாகாணத்தில் குழந்தையைப் பெற்றாலும் அமெரிக்கர் இங்கே வந்தாக வேண்டியிருந்தது. தூதரகம் அந்நாளில் இத்தீவிலேயே இருந்தது. அதனருகில், 1983-இல் திறக்கப்பெற்ற வெள்ளை அன்னம் ஹோட்டல். அதன் கூடத்தினுள்ளே ஓர் அருவியே விழுகிறது. தத்தெடுக்க வந்து தங்குவோருக்கு, சீனக் குழந்தையை ஏந்திய பார்பி பொம்மை ஒன்றை அங்கே பரிசாக அளித்துவந்தனர்.

ஆற்றோர இருக்கையில் ஓர் அமெரிக்க அம்மையாருடன் பேச்சுக் கொடுத்தோம். அவர் வண்டியில் குழந்தை இல்லை. மறுநாள் காலையில்தான் கைக்கு வரும் என்றார். ஊரை விட்டுப் புறப்படுமுன் செய்த ஆயத்தங்களைக் குறித்த ஏடு ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பிறப்பு, மணம், உடல்நலம், வருமானம், காவல்துறை நற்சான்று என ஒவ்வொரு தாளுக்கும் நோட்டரி கையொப்பம். அதன்மேல் மாநில முத்திரை. அதற்கும் மேல் சீனத் தூதரக முத்திரை. அவை பீஜிங் சென்றபின் நெடுநாள் காத்திருப்பு. பின்னர் ஒருநாள் ஒரு சிறு புகைப்படமும் மருத்துவக் குறிப்பும் வந்தன. அதன்பின் பயண அனுமதி வரும்வரை உறக்கமே இல்லையாம். அனுமதி வந்ததும் ஓட்டம். அனுப்பிய அளவு பழையதாகையால் மூன்று அளவுகளில் சட்டைகள், சிரங்குக்கு மருந்து, பால் மாவு, இல்லத்துக்கு அளிக்கவேண்டிய 3,000 டாலரும் மடிப்புப்படாத புது நோட்டுகளாக. தமக்குத் தடுப்பூசியும் போட்டுக்கொண்டார்கள். சீன மொழியிலும் சில சொற்கள் பழகியிருந்தனர். சீனத்தில் ‘மாமா’ என்றால் தாயாம்! நம் வீட்டு முறையைச் சொன்னதும் அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார்.

இவற்றினும் எங்களைத் தொட்ட ஆயத்தம் வேறொன்று. ஒருமுறை உபயோகித்து எறியும் காமிரா ஒன்றை அவர்கள் முன்னதாகவே அநாதை இல்லத்துக்கு அனுப்பி, குழந்தை உறங்கும் இடத்தையும் வளர்க்கும் ஆயாக்களையும் படம் பிடித்துவைக்குமாறு வேண்டியிருந்தனர். மும்பையில் இரு தமிழர் சந்தித்தால் முதற்கேள்வி ‘தங்களுக்கு எந்த ஊர்?’ என்பதுதானே. இங்கே பிறந்த நம் பிள்ளைகளை விடுமுறைதோறும் ரயிலேற்றிக் கொண்டுபோய்ப் பூர்வீக வீட்டுத் திண்ணையைக் காட்டுகிறோம். அக்குழந்தைக்கோ காட்ட ஒரு திண்ணையும் இல்லை. ஆகவே ஒரு கட்டிலாவது இருக்கட்டும் என்று அத்தாய் எண்ணியிருக்கிறார்.

இரண்டு நாட்களுக்குப் பின் அவர்களைப் புகைப்படக் கடையில் கண்டோம். தந்தையின் தோளில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. வந்த 27 படங்களில் பாதிக்கு மேல் மங்கல். ஒன்றில் வரிசையாகக் கட்டில்கள். மற்றொன்றில், நடுத்தர வயதுடைய ஆயா ஒருத்தி குழந்தையை மார்போடு அணைத்து, காமிராவைப் பாராமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படத்துக்கு மட்டும் மூன்று பிரதிகள் கேட்டார் அம்மையார்.

அந்த விவேகத்தின் அருமை பின்னரே எங்களுக்குப் புலனாயிற்று. மறு ஆண்டின் இறுதியில், ஹூனான் மாகாணத்தில் சில இல்லங்கள் தரகர்களுக்குப் பணம் கொடுத்துக் குழந்தைகளைப் பெற்றன என்ற செய்தி வெளியாயிற்று. ‘இன்ன வாயிலில் கண்டெடுக்கப்பட்டது’ என்று தாளில் எழுதியிருப்பதெல்லாம் உண்மையென்று கொள்வதற்கில்லை என்றாயிற்று. வளர்ந்து பெரியவர்களான பெண்களுள் பலர் இன்று தம்மைப் பெற்றோரைத் தேடிச் சீனம் செல்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பதோ, இத்தகைய படங்களும் ஓரிரு தாள்களுமே.

2005-இல் மட்டும் ஏறக்குறைய 7,900 குழந்தைகள் அமெரிக்கா சென்றனர். மொத்தத்தில் 82,000-க்கு மேல். 2013-இல் தூதரகம் நகரின் புதுப் பகுதிக்கு இடம் மாறிற்று. 2020-இல் கொள்ளைநோயால் பயணங்கள் நின்றன. 2024 செப்டம்பரில், நெருங்கிய இரத்த உறவினரும் மாற்றாந்தாய் தந்தையரும் தவிர ஏனைய அயல்நாட்டாருக்கு இனிக் குழந்தைகளை அளிப்பதில்லை என்று சீன அரசு அறிவித்துவிட்டது. தாய்நாட்டிலேயே குழந்தைகள் வளரவேண்டும் என்பதை நாம் மறுப்போமில்லை. ஆயினும், இன்ன குழந்தை உங்களுக்கு என்று படம் பெற்று, அறைக்கு வர்ணம் பூசி, பெட்டி கட்டிக் காத்திருந்த குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றுட் பல நோயுற்ற குழந்தைகளுக்காகக் காத்திருந்தவை. நான்கு ஆண்டுகளில் குழந்தைகள் வளர்ந்துவிட்டன. மூன்று அளவுகளில் வாங்கிய சட்டைகளில் ஒன்றும் இனிப் பொருந்தாது.