சாரல் நாட்கள்

ஜூலை 4, வெள்ளி

தாம்பரத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறியாயிற்று. அம்மா, நான், அவர், மகள் நான்கு பேர். கேரளத்தில் மழை தொடங்கிவிட்டது என்று செய்தியில் சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சு, குற்றாலம்தான். வயது 76. இரண்டு முழங்காலும் மாடிப்படி ஏற விடுவதில்லை. "அருவிக்கரை வரைக்கும் கொண்டு விட்டிரு, பொறவு நான் பாத்துக்கிடுதேன்" என்கிறாள். விழுப்புரம் வருவதற்குள் புளியோதரை காலி.

ஜூலை 5, சனி

கடையநல்லூர் தாண்டியதும் வலதுபக்க ஜன்னலில் மலை தெரிந்தது. உச்சி முழுக்க மூட்டம். அம்மா பல் தேய்க்கக்கூட எழுந்திருக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தென்காசியில் இறங்கும்போது பொடிச்சாரல். குடையை விரிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். "ஏட்டி, இதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்."

மத்தியானம் பேரருவிக்குப் போனால் தடை. தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. போலீஸ்காரர் விசில் ஊதிக் கூட்டத்தை ஒதுக்கினார். பலருக்கும் எரிச்சல். எனக்கு அந்த விசில் சத்தம் ஆறுதலாக இருந்தது. மலைக்கு மேலே மழை பெய்வது கீழே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் இறங்கிவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த தண்ணீர் பதினேழு வயதுப் பையனைக் கொண்டுபோனது. தடை என்றால் தடைதான்.

திரும்பும் வழியில் பழக்கடை. ரம்புத்தான், முட்டைப்பழம், துரியன், மங்குஸ்தான். அம்மா ஒரு மங்குஸ்தானை எடுத்துக் கவிழ்த்து, அடியில் பூ மாதிரி இருந்த தழும்பை மகளுக்குக் காட்டினாள். "இதுல எத்தனை இதழ் இருக்குன்னு எண்ணு. உள்ள அத்தனை சுளை இருக்கும்." மகள் ஆறு எண்ணினாள். அம்மா இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தினாள். தோல் பிளந்தது, ஆறு வெள்ளைச் சுளை. அதன் பிறகு எந்தப் பழத்தையும் எண்ணாமல் தின்ன மகள் விடவில்லை. அம்மாவுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது அவள் அப்பா.

ஜூலை 6, ஞாயிறு

விடியற்காலையில் தடையை எடுத்துவிட்டார்கள். கூட்டம் சேரும் முன்பே பெண்கள் பகுதிக்குப் போய்விட்டோம். அம்மாவை ஒரு பக்கம் நான் பிடித்தேன். மறுபக்கம், கேட்காமலேயே, முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து பிடித்துக்கொண்டாள். ஆலங்குளத்துப் பக்கமாம். அம்மா கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பற்றி, பிடரியை அருவிக்குக் கொடுத்து நின்றாள். வெள்ளை முடி முழுவதும் முகத்தில் வழிந்து ஒட்டிக்கொண்டது. போதும் வா என்று மூன்று தரம் கூப்பிட்டேன். காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

இந்த அருவி உச்சியிலிருந்து நேரே நம் தலையில் விழுவதில்லை. நடுப்பாறையில் பொங்குமாகடல் என்ற ஆழமான பள்ளம் இருக்கிறது. அங்கே விழுந்து, நிரம்பி, பொங்கித்தான் கீழே இறங்குகிறது. அந்தப் பள்ளம் வேகத்தை வாங்கிக்கொள்வதால்தான் நாமெல்லாம் நின்று குளிக்க முடிகிறது.

ஈரம் துவட்டும்போது அம்மா பழைய கதையைத் தொடங்கினாள். இலஞ்சியில் ஆச்சி மிளகும் சீரகமும் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சுவாளாம். பிள்ளைகள் எல்லாருக்கும் தலையிலிருந்து கால்வரை தேய்த்து மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்புவார்களாம். "சீயக்காயே வேண்டாம். அருவி அடிக்கிற அடியில எண்ணெய் தானா போயிரும்." கேட்கக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அன்றைக்கு வந்தது நாலைந்து வண்டி. இன்று சீசன் ஞாயிற்றுக்கிழமையில் பஸ் நிறுத்த இடமில்லை. இத்தனை பேரும் எண்ணெயும் ஷாம்புவுமாக இறங்கினால் தண்ணீர் என்ன ஆகும்? அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014-இல் உத்தரவிட்டது. மிகச் சரியான உத்தரவு. அப்படியும் இன்று என் காலடியில் கிழிந்த ஷாம்பு பாக்கெட்டுகள் கிடந்தன. மகள் பொறுக்கித் தொட்டியில் போட்டாள்.

ஜூலை 7, திங்கள்

சித்திரசபை. நடராசரின் ஐந்து சபைகளில் இங்கே மட்டும் அவர் சிலையாக இல்லாமல் ஓவியமாக இருக்கிறார். மூலிகை நிறங்களில் சுவர் முழுக்கப் படங்கள். அம்மா கால்வலியை மறந்து ஒவ்வொரு சுவராகப் பார்த்தாள்.

பிறகு இலஞ்சி. தாத்தா வீட்டை எப்போதோ விற்றாயிற்று. அந்த இடத்தில் இப்போது இரண்டு மாடி வீடு. அம்மா வாசலில் நிற்கவே இல்லை, நேரே பின்பக்கத்து வாய்க்காலுக்குப் போய்விட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் வயலில் கார் நடவு, முட்டளவு சேற்றில் பெண்கள். "சாரல் விழுந்தா உங்க தாத்தா நாத்தங்காலுக்குப் போயிருவாக. நாங்க அருவிக்குப் போயிருவோம்" என்றாள். எல்லாம் ஒரே தண்ணீர் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அருவியில் நம் மேல் விழுவதுதான் சிற்றாறாக ஓடுகிறது. அதுவே வாய்க்காலில் பிரிந்து காருக்கும் பிசானத்துக்கும் பாய்ந்து, தென்காசி வழியாகச் சீவலப்பேரிக்குப் போய்த் தாமிரபரணியில் சேர்கிறது. நான் தோளில் இருந்து வழித்துவிடும் நுரை யாரோ ஒருவர் நாற்று நடும் சேற்றுக்குத்தான் போகும்.

அம்மா குனிந்து வாய்க்காலில் கை அலம்பினாள். சிறுவயதில் இந்தத் தண்ணீரைத்தான் துணியில் வடிகட்டிக் குடித்தார்களாம். இன்று குடிக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கரையோரம் பிளாஸ்டிக் கவர்கள் சிக்கிக் கிடந்தன.

ராத்திரி பிரானூரில் பரோட்டா. அந்தக் கடைகளுக்கு 'பார்டர்' என்ற பெயர் ஏன் என்று மகள் கேட்டாள். 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம், எல்லை இங்கேதான் என்று அம்மா சொன்னாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

ஜூலை 8, செவ்வாய்

சாயங்கால ரயில். அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, முகத்தில் அதன் சுவடே இல்லை. ஆடிச்சாரலுக்குத் தங்கை குடும்பம் வருகிறது. வழியெல்லாம் அவளுக்குப் போனில் சொல்லிக்கொண்டு வந்ததை இங்கேயும் எழுதி வைக்கிறேன், சீசனுக்குப் போகிற எல்லாருக்கும் சேர்த்து: வீட்டுப் பெரியவர்களைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். சோப்பையும் ஷாம்புவையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கீழே நெல் விளைகிறது.