நிலாவா, வளையமா?

என் ஊர் ஆலங்காயம். ஜவ்வாது மலையை ஒட்டியது. மலைப்பாதையில் சற்றுத் தூரம் சென்றால் காவலூர் வானாய்வு நிலையம். இருபது ஆண்டுகள் அதன் அருகிலேயே வளர்ந்தும், ஒரு நாளும் அதனுள் நுழைந்தவனல்லன். அதன் பெருமையைக் கேட்க நான் மைசூருக்கு வரவேண்டியிருந்தது. சொன்னவனும் ஒரு கன்னட நண்பன்! வெட்கந்தான்.

மானசகங்கோத்திரி விடுதியில் அவன் என் அறைத்தோழன். ஒரு மாலை குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடந்தபோது, நான் என் சாமர்த்தியத்தை அளந்துகொண்டிருந்தேன். ஒளிமின்கலச் சோதனையில் ஒரே ஓர் அளவு மட்டும் கோட்டுக்குக் கீழே விழுந்து வரைபடத்தைக் கெடுத்தது. ரப்பரை எடுத்தேன், புள்ளியையும் எண்ணையும் அழித்தேன், கோடு வழுவழுவென்று அமைந்துவிட்டது! அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவனோ நின்றுவிட்டான்.

"உங்கள் காவலூர்க்காரர்கள் அப்படிச் செய்யவில்லையே" என்றான்.

அவன் சொன்னதையும், பிறகு நூலகத்தில் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1977 மார்ச் 10ஆம் நாள் இரவு. யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கப்போவதாக வானநூலார் கணித்திருந்தனர். விண்மீன் மறைந்து வெளிப்படும் நேரத்தைக் கொண்டு கோளின் அளவையும் அதன் வளிமண்டலத்தையும் ஆராயலாம். (வியாழனின் நிலாவாகிய கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததை 1972இலேயே காவலூரில் பார்த்திருந்தார்கள்.) பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கியை அந்த விண்மீன்மேல் நிறுத்திக் காத்திருந்தனர். கோளுக்கு வெளியே, ஒன்றுமே இல்லை என்று எல்லோரும் எண்ணியிருந்த இடத்தில், விண்மீனின் ஒளி சில வினாடிகள் சட்டென மங்கிப் பின் தெளிந்தது.

மேகம் என்றோ கருவிக் கோளாறு என்றோ தள்ளிவிட எவ்வளவு வசதியான மங்கல்! அவர்கள் தள்ளவில்லை. யுரேனஸுக்குப் புதியதொரு நிலா என்று கருதி, அவ்வாண்டே 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

ஆனால் அது நிலா அன்று. அதே இரவில், இந்துமாக்கடலுக்கு மேலே விமானத்தில் பறந்தபடி நோக்கிய அமெரிக்கர் எலியட்டின் குழுவினர், விண்மீன் பல முறை மங்கக் கண்டனர். கோளின் ஒரு புறம் கண்ட மங்கல்கள் மறுபுறமும் ஏறக்குறைய அதே தொலைவுகளில் தோன்றின. நிலாக்கள் இப்படி இருபுறமும் இணையிணையாக நிற்குமா? வளையங்கள்! சனிக்கு மட்டுமே உரிய அணி என்று அதுவரை நினைத்திருந்தது யுரேனஸுக்கும் இருந்தது. இன்று அறியப்பட்டவை 13.

காவலூரார் நல்ல துணையோடுதான் தவறினார்கள். 1610இல் கலிலியோ சனியின் வளையத்தைக் கண்டு, கோளின் இருபக்கமும் இரண்டு சிறு உருண்டைகள் நிற்பதாகவே எண்ணினார். அது வளையம் என்று ஹைகன்ஸ் நூலில் விளக்கியது 1659இல். யுரேனஸின் கதையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1986இல் வாயேஜர் 2 அருகே சென்று பார்த்தபோது, எப்சிலான் என்னும் வளையத்தின் உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரு குட்டி நிலாக்கள், மந்தையை மடக்கும் இடையர்போல, அதைச் சிதறாமல் காத்து ஓடிக்கொண்டிருந்தன. கார்டீலியா, ஒஃபீலியா என்பன அவற்றின் பெயர்கள்.

அன்றிரவு அறைக்கு வந்து குறிப்பேட்டை விரித்தேன். அழித்த இடத்தில் தாள் மெலிந்து, விளக்கொளி ஊடுருவியது. என்ன எண் எழுதியிருந்தேன் என்று எவ்வளவோ உற்றுப் பார்த்தேன், தெரியவில்லை. நினைவிலும் இல்லை. மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தில் முதல் அளவிலிருந்து மீண்டும் தொடங்கினேன்.