கரண்டுக்கு முந்தின சமையல்கட்டு

கோயம்புத்தூர்,
2024 ஆகஸ்ட்

அன்புள்ள கண்ணு,

பெரில் புயலில் ஹூஸ்டனில் கரண்ட் போய் வாரம் போல இருட்டில் கிடந்தீர்கள், பிரிட்ஜில் இருந்ததையெல்லாம் கருப்புப் பையில் கட்டி வெளியே வைத்தீர்கள் என்று உங்கப்பன் சொன்னான். கூடவே நீ கேட்ட கேள்வியையும் சொன்னான். அப்பத்தா வீட்டில் கரண்ட் போகாத நாளே கிடையாது, ஆனால் சாப்பாடு வீணாகி ஒருநாளும் பார்த்ததில்லையே, அது எப்படி என்று கேட்டாயாம். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை இது. எழுதிவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை ஆற அமரப் படி.

அப்பத்தா வீட்டுச் சாப்பாட்டுக்கும் கரண்டுக்கும் சம்பந்தமே இருந்ததில்லை, அதுதான் பதில். நம்ம பக்கத்துக்குக் கரண்ட் வந்தது பைக்காராவிலிருந்து. நீலகிரியில் அந்த நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1932ல். அந்தக் கரண்ட் மலையிறங்கி வந்த பிறகுதான் கோவையில் பஞ்சு மில்லுகள் அடுத்தடுத்து எழும்பின. பின்னால் தோட்டங்களுக்கும் வந்தது. மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த கிணறுகளில் பம்ப்செட் உட்கார்ந்தது. மில்லுக்கு வந்து, கிணற்றுக்கு வந்து, திண்ணைக்கு ஒரு குண்டு பல்பாக வந்து, கடைசியாகத்தான் கரண்ட் சமையல்கட்டுக்குள் நுழைந்தது. அதுவரை அங்கே இருந்த பொருள் எல்லாமே, இன்றைக்கு உங்கள் ஊரில் அவசரகாலச் சேமிப்பு என்று தனியாக விற்கிறார்களே, அந்த வகைதான். அதற்குத் தனிப்பெயர் யாரும் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மொடாவில் கம்பும் சோளமும் ராகியும் இருக்கும். துவரைக்கு மட்டும் தனிப் பாடு. அறுவடையான துவரையை ராத்திரி ஊறவைத்து, செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்து அதில் பிசறிக் குவித்து வைப்பார்கள். பிறகு வாசலில் பரப்பி நாலைந்து நாள் வெயிலில் காயவிடுவார்கள். காய்ந்த மண் தோலோடு இறுகிக்கொள்ளும். வண்டு முட்டை வைத்துத் துளைக்க வழியிருக்காது. வேண்டும்போது மண்ணைச் சலித்துவிட்டுத் திருகையில் உடைத்தால் தோல் சுலபமாகக் கழன்று வரும். உடைத்த பருப்பில் விளக்கெண்ணெய் தடவுவதும் இதே காரணத்துக்குத்தான். வழவழப்பான பருப்பில் வண்டின் முட்டை ஒட்டாது. இன்றும் கொங்குச் சந்தைகளில் மண் கட்டின பருப்பு என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. ருசியே வேறு என்பார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

சித்திரை பிறந்தால் மொட்டைமாடியும் பாறையும் நிறைந்துவிடும். கொத்தவரை, சுண்டைக்காய், மணத்தக்காளி, மோர்மிளகாய், வடகம். கிடா வெட்டினால் அன்றைக்குத் தின்றது போக மீந்த கறியில் உப்பும் மஞ்சளும் தடவி, நாரில் கோத்துக் கொடியில் தொங்கவிட்டு உப்புக்கண்டம் போடுவார்கள். இதிலெல்லாம் நடப்பது ஒன்றுதான். நம்மைப் போலவே கிருமிக்கும் பிழைக்கத் தண்ணீர் வேண்டும். வெயில் அந்தத் தண்ணீரை எடுத்துவிடுகிறது, மிச்சம் மீதியை உப்பு கட்டிப் போட்டுவிடுகிறது. மோர்மிளகாயில் புளிப்பும் சேர்ந்துகொள்கிறது. ராத்திரி மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பதும் புளிப்பை நம்பித்தான். அது மறுநாள் மதியம் வரைதான் தாங்கும். ஆனால் மறுநாள் காலை வேலைக்குப் போகிறவனுக்கு அதற்குமேல் தேவையில்லையே.

இட்லி எங்கே போயிற்று என்று கேட்பாய். இட்லி தீபாவளிக்கு, அமாவாசைக்கு, மாப்பிள்ளை வந்தால். ஆட்டுக்கல்லில் ஒரு படி அரிசியை ஆட்டி எடுக்கத் தோள்பட்டை கழன்றுவிடும். ஆட்டிய மாவும் நம்ம ஊர் வெயிலில் ஒருநாள்தான் ஒழுங்காக இருக்கும், மறுநாள் புளித்து வழியும். அதனால் அது தினசரிப் பலகாரம் ஆக முடியவில்லை.

அதை மாற்றியது நம்ம ஊர்தான். 1955ல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி என்பவர் மோட்டாரில் ஓடும் மாவரைக்கும் கிரைண்டரைச் செய்தார். முதலில் ஓட்டல்களுக்குப் போனது, பிறகு கல்யாண வீடுகளுக்கு, பிறகு வீட்டுக்கு வீடு. இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. வடக்கே 1963ல் சுமீத் மிக்ஸி வந்தது, அம்மியும் ஓய்வெடுத்தது. தினமும் இட்லி, தினமும் தோசை. ஆனால் ஒரேயடியாக நாலு நாளைக்கு ஆட்டி வைத்தால் மாவு எங்கே இருக்கும்? அங்கேதான் பிரிட்ஜ் வருகிறது. கிரைண்டர் வந்ததால் பிரிட்ஜ் வேண்டியதாயிற்று என்று நான் சொன்னால் உங்க மாமா சிரிப்பார். ஐஸ் தண்ணிக்கும் பாலுக்கும்தான் வாங்கினோம் என்பார் அவர். எங்கள் தெருவில் எந்த வீட்டு பிரிட்ஜைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது மாவுத் தூக்குதான்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை, கண்ணு. ஆட்டுக்கல்லைச் சுற்றிய எவளும் கிரைண்டரைக் குறை சொல்ல மாட்டாள். ஆனால் வெயிலும் உப்பும் புளிப்பும் செய்துகொண்டிருந்த காவல் வேலையை நாம் ஒரு கம்பியிடம் ஒப்படைத்துவிட்டோம். முன்பு கரண்ட் போனால் வெளிச்சம் மட்டும் போகும். இப்போது நாலு நாள் சாப்பாடும் சேர்ந்து போகிறது.

அது எங்களுக்கு உறைத்தது 2012ல். நீ அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாய், உனக்குப் பாதிதான் தெரியும். 2011 செப்டம்பரில் அரசு வீட்டுக்கு வீடு இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. அடுத்த வருஷம் சென்னையைத் தவிர மற்ற மாவட்டங்களில் பல ஊர்களில் ஒருநாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. மிஷின் மூன்றும் வீட்டில், அவற்றை ஓட்டுகிற கரண்ட் மட்டும் இல்லை. பம்ப் பட்டறைகளும் வார்ப்படப் பட்டறைகளும் பாதி நாள் மூடிக் கிடந்தன. காசு இருந்தவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். அது விசிறியையும் டியூப்லைட்டையும் இழுக்கும், கிரைண்டரையும் பிரிட்ஜையும் இழுக்காது. நடுராத்திரியில் கரண்ட் வந்தால் எழுந்து மாவாட்டினோம். அதுவும் சலித்துப்போய், ராத்திரிச் சமையலுக்கு அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் திரும்பினோம். அரிசி, துவரம்பருப்பு, வரமிளகாய், பூண்டு, சீரகம். ஒரே பாத்திரம், ஒரே கொதி, அரைக்கிற வேலை இல்லை. தொட்டுக்கொள்ள மோர்மிளகாய். கரண்ட் இல்லாத காலத்துக்கென்றே செய்து வைத்த மாதிரி ஒரு சாப்பாடு நம்மிடம் இருந்திருக்கிறது.

உங்கள் ஊர்க் கதை வேறு. எங்களுக்குக் கரண்ட் மணிக்கணக்குப் பார்த்துப் போகும், வரும். உங்களுக்குப் போனால் நாள் கணக்கு. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் உறைந்தபோது 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருட்டில் கிடந்தன. டெக்சஸின் பெரும்பகுதி தனக்கென்று தனி மின்தொகுப்பு வைத்திருக்கிறது. மத்திய அரசின் கட்டுப்பாடு வேண்டாம் என்று அந்தக் காலத்திலேயே ஒதுங்கிக்கொண்டது. அதனால் தட்டுப்பாடு வந்தபோது பக்கத்து மாநிலங்களிலிருந்து பெரிதாக வாங்கிக்கொள்ள வழியில்லாமல் போயிற்று. குழாய்கள் வெடித்துத் தண்ணீரும் நின்றது. இந்த ஜூலை 8ல் பெரில் வந்தபோது ஹூஸ்டன் பக்கம் மட்டும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அடுப்பும் கரண்டில்தான் என்று உங்கப்பன் சொன்னான். அப்படியென்றால் அரிசிம்பருப்புச் சாதமும் உனக்கு உதவாது. தீயே வேண்டாத சாப்பாடு முதலில் வேண்டும்.

அவல் வாங்கி வை. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கியதுதானே அது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. பச்சைத் தண்ணீரில் ஊறினாலே போதும். புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் செய்து வை. நல்லெண்ணெய் மேலே மிதக்க, தண்ணீர் சுண்டக் காய்ச்சி, ஈரமில்லாத கரண்டி போட்டு எடுத்தால் வாரக்கணக்கில் கெடாது. பழனிக்கு நடந்து போகிறவர்கள் கட்டுச்சோறு கட்டியது அதை நம்பித்தான். ஊறின அவலில் அதைப் பிசைந்தால் ஒருவேளைச் சாப்பாடு ஆயிற்று. பொட்டுக்கடலை, சத்துமாவு, வெல்லம், வேர்க்கடலை இதெல்லாம் உனக்கே தெரியும். குழந்தைக்கு, திறக்காமல் வெளியே வைக்கிற பெட்டிப் பால் எப்போதும் சில பெட்டிகள் இருக்கட்டும். பெரிதாக வாங்காதே; திறந்துவிட்டால் அதுவும் சாதாரணப் பால்தான்.

உங்கள் ஊர் ஹில்கிராஃப்ட் தெருக் கடைகளில் வாங்குகிறாயே, அந்தப் பொட்டலக் குழம்பும் பொங்கலும், அதற்கும் ஒரு கதை உண்டு. 1810ல் பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்கிற மிட்டாய்க்காரர், உணவைப் புட்டியில் போட்டு இறுக மூடிக் கொதிக்கவைத்தால் மாதக்கணக்கில் கெடுவதில்லை என்று காட்டினார். படைக்குச் சோறு அனுப்ப வழி தேடிய அரசு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. விஞ்ஞானி பாஸ்டர் வந்து கிருமிக் கணக்கைச் சொல்ல இன்னும் ஐம்பது வருஷம் ஆனது. புட்டி தகர டின்னாக மாறியதும் அதே 1810ல், இங்கிலாந்தில். டின்னைத் திறக்கிற கருவி வந்ததோ பல பத்தாண்டு கழித்து. அதுவரை உளியும் சுத்தியலும்தான். சிரிக்காதே. கரண்டில் ஓடுகிற டின் ஓப்பனர் மட்டும் வைத்திருக்கிற வீடுகள் உங்கள் ஊரில் உண்டு. கையால் திருகுகிறது ஒன்று வாங்கி வை.

அந்த டின் நம்ம ஊர்ச் சாப்பாட்டுக்குப் பொட்டலமாக மாறியதில் மைசூருக்குப் பெரிய பங்கு. அங்கே 1961ல் தொடங்கிய பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சிக்கூடம், எல்லையில் இருக்கும் சிப்பாய்களுக்காக இதை உருவாக்கியது. மடங்குகிற பையில் சமைத்த உணவை அடைத்து, காற்றில்லாமல் மூடி, அழுத்தம் கொடுத்து 121 டிகிரி வரை சூடாக்குவார்கள். உன் வீட்டுக் குக்கருக்குள் ஏறுகிற சூடு ஏறக்குறைய அதுதான். கிருமி செத்துவிடுகிறது, புதிதாக உள்ளே நுழைய வழியில்லை. அதனால் கெடாமலிருக்க மருந்து சேர்க்கத் தேவையில்லை. எம்.டி.ஆர் போன்ற கம்பெனிகள் அங்கிருந்துதான் இந்தத் தொழில்நுட்பத்தை வாங்கின. சூடாக்கச் சொல்லி அட்டையில் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது வெந்த சாப்பாடுதான், ஆறினபடியே சாப்பிடலாம். உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். உப்பிய பொட்டலத்தையும் உப்பிய டின்னையும் முகர்ந்துகூடப் பார்க்காமல் தூக்கிப் போடு.

பெரிய பெரிய வாளியில் இருபத்தைந்து வருஷம் கெடாத சாப்பாடு என்று விற்கிறார்களாமே, அதை வாங்காதே. நீ ஒருநாளும் அதைத் திறந்து ருசி பார்க்க மாட்டாய். பார்க்கிற அன்று பிள்ளை துப்பும். தினமும் தின்கிறதையே ரெண்டு வாரத்துக்குக் கூடுதலாக வைத்துக்கொள். புதிதாக வாங்கியதைப் பின்னால் தள்ளு, முன்னால் இருப்பதை எடு. அப்பத்தா பழைய புளியைத் தீர்க்காமல் புதுப்புளியைத் தொடவிட மாட்டாள், ஞாபகம் இருக்கும். உங்கள் ஊர் ஈரக்காற்றுக்கு அவலும் பொரியும் நமுத்துப்போகும். இறுக மூடுகிற கண்ணாடி ஜாடியில் போடு. அரிசி வாங்கின உடனே நாலு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வண்டின் முட்டை செத்துப்போகும். செம்மண்ணுக்கு நீ எங்கே போவாய்?

தண்ணீர் ஆளுக்கு ஒருநாளைக்கு நாலு லிட்டர் என்று வை. கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காதே. மூடியே இருந்தால் நாலு மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் வரை. அதற்குப் பிறகு பாலும் கறியும் நல்ல வாசனையாக இருந்தாலும் நம்பாதே. கேம்ப் அடுப்போ கரி அடுப்போ வாங்கினால், திறந்த வெளியில் மட்டும் பற்றவை. 2021ல் குளிருக்காக வீட்டுக்குள் கரி மூட்டிய ஹூஸ்டன்காரர்கள் பலரை விஷவாயு தாக்கியது. அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது. நம்ம வீட்டு விறகடுப்புக்கு மேலே ஓடு, சுற்றிலும் சந்து. உங்கள் வீடு குளிருக்காகவும் ஏசிக்காகவும் காற்றுப் புகாமல் கட்டினது. இதில் மட்டும் அப்பத்தா செய்தாள் என்று நீயும் செய்யாதே.

அடுத்த மாதம் உன் சித்தி வருகிறாள். சுண்டைக்காய் வற்றல், மோர்மிளகாய், மண் கட்டின துவரம்பருப்பு ரெண்டு கிலோ கொடுத்தனுப்புகிறேன். பருப்பைச் சலித்து, கழுவிக் காயவைத்தே கட்டுகிறேன். மண் ஒட்டிக்கொண்டிருந்தால் உங்கள் ஊர் விமான நிலையத்தில் பிடித்துவைத்துக்கொள்வார்கள். உப்புக்கண்டம் கேட்டாயாம். காயவைத்த கறியையும் உள்ளே விடமாட்டார்கள், கண்ணு. அதை நீ இங்கே வந்துதான் சாப்பிட வேண்டும்.

அன்புடன்,
அத்தை