பார்க்கலாம்

என் அக்கா மகள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதை நான் கொடுக்கவில்லை. நாலு வருஷம் கழித்து, காரியாபட்டியில் ஒரு பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் கேட்டது எவ்வளவு சின்ன விஷயம் என்று எனக்கு உறைத்தது.

நான் ராஜபாளையத்துக்காரன். ஒரு நூற்பு மில்லில் வேலை. அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ் ஏறினால் அரை மணி நேரம். வழி முழுக்க மேற்கே மலை கூடவே வரும். அத்தானுக்குப் பால் வியாபாரம். பால்கோவா கிண்டுகிற ஊரில் பால்காரருக்கு விடுமுறையே கிடையாது. அதனால் அந்த வீட்டுப் பிள்ளையை வெளியூர் கூட்டிப்போகிற வேலையெல்லாம் தாய்மாமனான என்னுடையது. காது குத்தியபோது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் கிளம்பும்போது, கூட்டத்துக்கு மேலே அவளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டியவனும் நான்தான்.

எனக்குக் கால்பந்து என்றால் லிவர்பூல். 2005 மே 25 ராத்திரி, நண்பன் வீட்டு டிவியில், இஸ்தான்புல்லில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். முதல் பாதியில் மிலான் மூன்று கோல் போட்டுவிட்டது. நண்பன் படுக்கப் போய்விட்டான். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். இடைவேளைக்குப் பிறகு ஆறே நிமிஷத்தில் மூன்று கோலும் திரும்பி வந்தன. கூடுதல் நேரம், பெனால்டி எல்லாம் முடிந்து கோப்பையை லிவர்பூல் கேப்டன் ஜெரார்ட் தூக்கியபோது, இங்கே பால் பஸ் கிளம்பும் நேரம் நெருங்கியிருந்தது. அன்றைக்கு அந்த அணி என்னுடையதாகிவிட்டது. பார்த்தே இராத ஒரு ஊரின் அணியை அதற்குப் பிறகு பதினாலு வருஷம் 'நம்ம டீம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா மகளுக்குக் கால்பந்தை அறிமுகப்படுத்தியவனும் நான்தான். லீவுக்கு வரும்போதெல்லாம் பக்கத்தில் உட்காரவைத்துக் கதை சொல்வேன். 1892-ல் லிவர்பூல் தொடங்கிய கதை. 1911-ல் கல்கத்தாவின் மோகன் பகான் வெள்ளைக்கார ராணுவ அணியை 2-1 என்று வென்ற கதை. லிவர்பூலில் அப்பா எந்த அணியோ பிள்ளையும் அந்த அணிதான், அது சொத்து மாதிரி கைமாறி வரும் என்பேன். அவள் கண் கொட்டாமல் கேட்பாள். பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் பையன்களோடு சேர்ந்து ஆடவும் ஆரம்பித்தாள். முழங்காலில் எப்போதும் ஒரு சிராய்ப்பு இருக்கும்.

2018 பிப்ரவரியில், கட்டாக்கில் நடந்த தேசியப் பெண்கள் கால்பந்துப் போட்டியில் தமிழ்நாடு முதல் தடவையாகக் கோப்பை வென்றது. இறுதியாட்டத்தில் தோற்றது, அந்தக் கோப்பையைப் பலமுறை எடுத்த மணிப்பூர். பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் அந்தச் செய்தியை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார். அதிலிருந்து அவள் பேச்சில் புதுப் பெயர்கள் வர ஆரம்பித்தன. கடலூரிலிருந்து வந்த, போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராக இருந்த இந்துமதி. அப்புறம் சந்தியா. அப்புறம் சேது எஃப்.சி. என்ற பெண்கள் அணி.

"மாமா, அது மதுரை டீம்னு சொல்றாங்க. ஆனா அந்த சேது காலேஜ் காரியாபட்டி பக்கத்துல இருக்கு. காரியாபட்டி நம்ம ஜில்லாதான?"

ஆமாம் என்றேன். விருதுநகர் மாவட்டம்தான்.

"ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிட்டுப் போறீங்களா? உள்ள விடாட்டிப் பரவால்ல. பிராக்டீஸ் நடந்தா வெளிய நின்னு பார்த்துட்டு வந்துரலாம்."

"பார்க்கலாம் பாப்பா" என்றேன்.

சனிக்கிழமை ராத்திரி லிவர்பூல் ஆட்டம் இருக்கும். அது முடிந்தபிறகும் அதைப் பற்றியே படித்துக்கொண்டிருப்பேன். ஞாயிறு பத்து மணிக்குத்தான் விழிப்பேன். அடுத்த வாரம் ஷிப்ட் மாறும். அதற்கடுத்த வாரம் யாராவது வீட்டு விசேஷம். அவள் மறுபடி கேட்பாள். நான் மறுபடி 'பார்க்கலாம்' என்பேன். எத்தனை முறை என்று எண்ணி வைக்கவில்லை. மாட்டேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதனாலேயே நான் எதையும் மறுக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

2019 மே மாதம் அவள் கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டில் இருந்தாள். எட்டாவது முடித்திருந்தாள். எட்டாம் தேதி, ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு லிவர்பூலும் பார்சிலோனாவும் ஆடிய அரையிறுதி. முதல் ஆட்டத்தில் 3-0 என்று தோற்றிருந்தது லிவர்பூல். அவளையும் எழுப்பி உட்காரவைத்தேன். நாலாவது கோலுக்கான கார்னரை, எதிரணி திரும்பிப் பார்ப்பதற்குள் அலெக்சாண்டர்-அர்னால்ட் சட்டென்று அடித்தான். அவன் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பையன் என்று அவளிடம் சொன்னேன்.

"ஊர்ப் பையனா? அப்ப அந்த ஊர்க்காரங்க அவனை நேர்லயே பார்ப்பாங்களா மாமா?"

"பின்னே? நடந்தே மைதானத்துக்குப் போவாங்க. தாத்தா பேரனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவார்."

கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்மளும் அப்படிப் போலாம்ல மாமா" என்றாள். நான் மறுஒளிபரப்பில் அந்தக் கார்னரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, மே 22 காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் செய்தாள். "மாமா, இன்னைக்கு ஃபைனல். லூதியானாவுல. சேதுவும் மணிப்பூர் போலீஸும். எதுல பார்க்கலாம்?"

"அதெல்லாம் எங்கேயும் வராது பாப்பா" என்றேன்.

நான் தேடிப் பார்க்கவே இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு நொடிகூடத் தேடாமல் சொன்ன பதில் அது. லிவர்பூலின் பயிற்சி ஆட்டத்தைக்கூட எங்கெங்கோ துழாவிக் கண்டுபிடிக்கிறவன் நான். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி அவளும் போனை வைத்துவிட்டாள்.

சேது அன்று 3-1 என்று ஜெயித்தது. பெண்களுக்கான தேசிய லீக்கில் அது மூன்றாவது பருவம். அதற்கு முன்பு தமிழ்நாட்டு அணி எதுவும் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. நேபாளத்திலிருந்து வந்து சேதுவுக்காகக் கோல்களாகக் குவித்தவர் சபித்ரா பண்டாரி. அதே ஆண்டு மார்ச் மாதம்தான் ஆண்களுக்கான ஐ-லீக்கைச் சென்னை சிட்டி அணி கோயம்புத்தூரில் வென்றிருந்தது. ஒரே பருவத்தில் இரண்டு தேசியக் கோப்பைகளும் தமிழ்நாட்டுக்கு வந்திருந்தன. மறுநாள் மே 23, நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. டீக்கடை, மில் கேட், பஸ் ஸ்டாண்டு என்று எங்கே திரும்பினாலும் அதே பேச்சு. பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தை நான் புரட்டவே இல்லை.

ஜூன் 1 ராத்திரி மாட்ரிட்டில் லிவர்பூல் டாட்டன்ஹாமை 2-0 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது. விடிந்தால் ஞாயிறு. அன்றைக்கு மட்டும் எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மில் நண்பர்களுக்குக் கொடுக்க இரண்டு கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குள் நுழைந்தேன். மறுநாள் பள்ளி திறப்பதால் அவள் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைப் பிரித்து, சூடு ஆறாத பால்கோவாவில் ஒரு கை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"எதுக்கு மாமா?"

"நம்ம டீம் ஜெயிச்சிருச்சுல்ல."

அவள் முகம் மலர்ந்ததை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. எழுந்தே விட்டாள். "பேப்பர்ல பார்த்தீங்களா மாமா? நான் உங்களுக்குத் தெரியாதுன்னுல்ல நினைச்சேன்!"

"பேப்பர் எதுக்கு? ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். சலா ரெண்டாவது நிமிஷத்துலயே பெனால்டி..."

"ஓ" என்றாள். உட்கார்ந்தாள். பால்கோவாவைச் சாப்பிட்டாள். நல்லாருக்கு மாமா என்றாள். அட்டை போடுகிற வேலை தொடர்ந்தது. அவள் எந்த அணியை நினைத்து எழுந்து நின்றாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. நான் சலா அடித்த பெனால்டியை அத்தானிடம் விவரித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் காரியாபட்டி பற்றிக் கேட்கவில்லை. அடுத்த மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பள்ளி மைதானம் பூட்டிக் கிடந்தது. மறுபடி திறந்தபோது அவள் பத்தாம் வகுப்பில் இருந்தாள், பந்தைத் தொடவில்லை. வளர்கிற பிள்ளைகளுக்கு ஆர்வம் மாறுவது இயல்புதானே என்று அக்காவிடம் நானே சொன்னேன்.

2022 மே 26-ல் சேது மறுபடி கோப்பைக்கு அருகில் வந்தது. புவனேசுவரத்தில் பன்னிரண்டு அணிகள் ஆடிய லீக். கடைசி ஆட்டத்துக்கு வரும்போது சேதுவும் கோகுலம் கேரளாவும் பத்துக்குப் பத்து ஜெயித்திருந்தன. இந்தத் தடவை எனக்குத் தெரிந்திருந்தது. போன் செய்து, "பாப்பா, இன்னைக்கு சேது மேட்ச். மாமா வீட்டுக்கு வர்றியா, சேர்ந்து பார்ப்போம்" என்றேன்.

"பிளஸ் ஒன் பரீட்சை நடக்குது மாமா. நீங்க பாருங்க" என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மரியாதை இருந்தது. சேது முதல் கோலைச் சீக்கிரமே போட்டும் 3-1 என்று தோற்றது. நான் தனியாகப் பார்த்தேன்.

அடுத்த வருஷம் மில் நண்பர் வீட்டுக் கல்யாணம், காரியாபட்டியில். வேலை நாள் முகூர்த்தம். விடியுமுன் கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டும்போது ஆறு மணி. சிவகாசி. விருதுநகரில் பஸ் மாறினேன். மல்லாங்கிணறு. வழியெல்லாம் கரிசல்காடு. காரியாபட்டிக்குள் நுழைகிற இடத்தில் நெரிசல், பஸ் நின்றது. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பஸ் வந்து ஒட்டி நின்றது. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் சேது என்று இருந்தது.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. எழுத்தைப் படித்தேன். மறுபடி படித்தேன். என் ஜன்னலுக்கு நேரே அந்த பஸ்ஸின் ஜன்னல். உள்ளே ஒரு பெண் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். என் அக்கா மகளைவிட ஓரிரண்டு வயது கூட இருக்கலாம்.

செல்போனை எடுத்து மணி பார்த்தேன். எட்டு இருபத்தைந்து. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இரண்டு மணி இருபத்தைந்து நிமிஷம். மனசு தானாகக் கணக்குப் போட்டது. தொண்ணூறு நிமிஷ ஆட்டம், கால் மணி நேர இடைவேளை, கூடுதல் நேரம் முப்பது நிமிஷம், பெனால்டி. இஸ்தான்புல்லில் நான் அசையாமல் உட்கார்ந்து பார்த்த அந்த ஆட்டம் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரம்தான் இது.

அப்போதுதான் பால்கோவா ஞாபகம் வந்தது. அட்டை போட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றது. 'பேப்பர்ல பார்த்தீங்களா மாமா?' அந்தக் கேள்வி எதைப் பற்றியது என்று நாலு வருஷத்துக்குப் பிறகு, காரியாபட்டி நெரிசலில் எனக்குக் கேட்டது. மாமாவும் சேதுவைப் பார்த்துவிட்டார் என்று அவள் நினைத்திருக்கிறாள். அதைக் கொண்டாடத்தான் முதல் பஸ்ஸில் பால்கோவாவோடு வந்திருக்கிறார் என்று நினைத்திருக்கிறாள். கல்லூரிப் பஸ் நகர்ந்தது. அந்தப் பெண் தூங்கிக்கொண்டே போனாள்.

கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்தேன். சாப்பிட முடியவில்லை.

2023 ஜூன் கடைசியில், அமிர்தசரஸில் தமிழ்நாட்டுப் பெண்கள் மறுபடி தேசியக் கோப்பையை வென்றார்கள். அவள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். செய்தியைப் பார்த்ததும் அவளுக்குப் போன் செய்தேன்.

"தெரியும் மாமா. ரெண்டுக்கு ஒண்ணு. ஹரியானாவோட. ஆரம்பத்துலேர்ந்தே ஸ்கோர் பார்த்துட்டே இருந்தேன்" என்றாள். அந்தப் பழைய குரல். "போன வருஷம் பரீட்சைக்குப் படிக்கும்போதுகூட சேது ஸ்கோரைப் பார்த்துட்டேதான் இருந்தேன். நம்ம டீம் முதல் கோல் போட்டதும் ஜெயிச்சிருவோம்னு நினைச்சேன்."

நம்ம டீம் என்றாள்.

"2019 ஃபைனலும் பார்த்தியா பாப்பா?"

"இல்லையே மாமா. எங்கேயும் வராதுன்னு நீங்கதான சொன்னீங்க." குறையாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைப் போலச் சொன்னாள்.

எனக்குத் தொண்டை அடைத்தது. அவள் கால்பந்தை விட்டுவிட்டாள் என்று நான் நினைத்திருந்த அத்தனை வருஷமும் அவள் தன் அணியோடுதான் இருந்திருக்கிறாள். கூட நான் இல்லை, அவ்வளவுதான்.

"அடுத்து எங்கேயாவது பக்கத்துல மேட்ச் வந்தா சொல்லு பாப்பா. நேர்ல போவோம். மாமாவும் வரட்டுமா?"

சற்று நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னாள்: "பார்க்கலாம் மாமா."

எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி இப்போதெல்லாம் சீக்கிரம் படுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்வதில்லை.