"மேலிடத்து உத்தரவு" என்ற சாக்கை ஏற்காத பாதிரியார்



"மேலிடத்து உத்தரவுங்க, நான் என்ன பண்றது?" இதை நீங்களும் எங்கேயாவது கேட்டிருப்பீங்க. இந்தச் சாக்குக்கு எதிராகவே பாடம் எடுத்த ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரைப் பற்றிச் சொல்றேன்.

பெர்ன்ஹார்ட் ஹேரிங். 1912இல் ஜெர்மனியில் பிறந்தவர். 1939இல் குருப்பட்டம் பெற்றார். அதே ஆண்டு போர் வந்துடுச்சு.

ஹிட்லரின் ராணுவம் அவரை மருத்துவ உதவியாளராக ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பியது. அங்கே குருவாகப் பணி செய்யத் தடை. அவரோ காயங்களுக்குக் கட்டும் போட்டார், திருப்பலியும் நிறைவேற்றினார்.

தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்களே "கீழ்ப்படிதல்" என்ற பெயரில் கொடுமைக்குத் துணைபோனதைப் பார்த்தார். அது அவரை உலுக்கியது.

அன்றைய அறநெறிப் பாடம் பெரும்பாலும் பாவங்களின் பட்டியல்தான். எது பாவம், எவ்வளவு பெரிய பாவம் என்பதே கேள்வி. 1954இல் வெளியான 'கிறிஸ்துவின் சட்டம்' நூலில் அவர் விவிலியத்தை நடுவில் வைத்தார். கடவுள் அழைக்கிறார், மனிதன் பதில் சொல்லணும். அந்தப் பொறுப்பை மேலதிகாரி தலையில் கட்ட முடியாது.

ரோமில் பல ஆண்டுகள் இதையே கற்பித்தார். மருத்துவ அறம் பற்றியும் தனி நூல் எழுதினார்.

பிறகு தொண்டைப் புற்றுநோய். குரல்வளையை இழந்தார். அப்படி இழந்தவர்கள் பேசுவதற்கு ஒவ்வொரு சொல்லுக்கும் மெனக்கெடணும். அவர் மறுபடி பேசப் பழகினார். 1998இல் காலமானார்.

மருத்துவமனையோ, அலுவலகமோ, அடுத்த முறை அந்தச் சாக்கு உங்க வாயில் வந்தா, ஒரு நொடி நிறுத்துங்க. எதிரில் நிற்கிறவர் பதிலை எதிர்பார்க்கிறது உங்ககிட்டதான்.